விட்டில்கள் விரும்பி வருவதில்லை

“சேர், இதுகள் விரும்பித்தான் வருகுதுகளோ, இல்லாட்டி வராமல் இருக்க ஏலாமல் வருகுதுகளோ?” 2022ஆம் ஆண்டு சித்திரை மாதத்து இரவொன்றில், தரம் பத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. இலங்கையின் வன்னிப் பகுதியில், முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழேயுள்ள எங்கள் வளவில் இரண்டு கம்புகளுக்கிடையே எட்டுமுழ வேட்டியொன்றை இழுத்துக் கட்டி, அதன் முன் விளக்கொன்றைத் தொங்கவிட்டு, அயலிலுள்ள பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு பூச்சி பார்த்துக்கொண்டிருந்தேன். நான் படித்ததையும் பல வருடங்களாகப் படிப்பித்ததையும் அப்படியே சொன்னேன். இரவில் பறக்கும் பூச்சிகள் நிலவை அடையாளமாகக் கொண்டு திசை பிடிக்கின்றன, விளக்கை அவை நிலவென்று நினைத்துவிடுகின்றன, அதனால்தான் வருகின்றன என்றேன். அவள் வேட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “நிலவெண்டு நினைச்சா நிலவுக்கல்லோ போகவேணும்? நிலவுக்கு ஒண்டும் போறேல்லையே” என்றாள். விஞ்ஞான ஆசிரியனாக இருபது வருடங்கள் நின்ற எனக்கு அந்த இடத்தில் பதில் இல்லை. நிலவுக் கோட்பாட்டுக்கு அதற்கும் ஒரு விளக்கம் உண்டு. நிலவு எட்டாத் தொலைவில் இருப்பதால் அதனோடு ஒரே கோணத்தைப் பேணினால் நேராகப் பறக்கலாம், விளக்கு கிட்ட இருப்பதால் அதே கோணம் பூச்சியைச் சுருள் வழியில் இழுத்து உள்ளே கொண்டுவந்துவிடும் என்பதே அது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வேட்டிக்கு முன் நடந்துகொண்டிருந்தது அந்த விளக்கத்துக்குப் பொருந்தவில்லை என்பது அப்போதே என் கண்ணுக்குத் தெரிந்தது. சுருள் எதையும் காணோம். வட்டமிடுவதும், நேரே மேலெழுந்து நின்று விழுவதும், தலைகீழாகப் புரளுவதுமாகவே இருந்தது.

அந்தக் கேள்வியின் முதற் பாதிதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. விரும்பி வருகின்றன என்று நான் நம்பியிருந்தபடியால்தான் பத்து வருடங்களுக்கு மேலாக எந்தச் சஞ்சலமும் இன்றி அவற்றை அழைத்துக்கொண்டிருந்தேன். விளக்கைத் தேடி வந்து விழும் விட்டிலை ஆசைக்கும் மோகத்துக்கும் உவமையாகக் காட்டும் வழக்கம் நம் மொழியில் நெடுங்காலமாக உள்ளது. உவமை தவறென்றால் என் வேலையும் ஒருவகையில் தவறாகிறது. விருந்துக்கு வந்தவரை உபசரிப்பது வேறு, வழியே போனவரைக் கையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டு அதை விருந்து என்று சொல்வது வேறு.

வேட்டியில் வந்து இறங்குபவை

வன்னியில் இதற்கு நல்ல காலம் என்றால் முதல் மழைக்குப் பின்வரும் நாட்களே. சித்திரையில் இடியோடு வரும் மழையும், ஐப்பசியில் காலபோக விதைப்போடு வரும் மழையும் மண்ணை நனைத்த இரண்டாம் மூன்றாம் நாள், நிலவில்லாமல், காற்று அடங்கி, வியர்க்கும் புழுக்கத்தோடு இருக்கும் இரவுதான் சிறந்தது. நிறைநிலவு நாளில் வேட்டி பாதி வெறுமையாகவே கிடக்கும். விளக்கின் ஒளியில் நீலமும், நமது கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த கதிரும் எவ்வளவு கூடுதலாக உள்ளனவோ அவ்வளவுக்குப் பூச்சிகள் கூடும். ஆரம்பத்தில் நான் 160 வாட்டு மேர்க்கூரிக் குமிழொன்றைப் பாவித்தேன். அது சூடேறி முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடங்கள் எடுக்கும், மழைத்துளி பட்டால் வெடிக்கும். இப்போது மோட்டார் சைக்கிள் பற்றரியில் எரியும் சிறிய ஊதாக்கடந்த எல்.ஈ.டி. விளக்கே போதுமானதாக இருக்கிறது.

இருட்டியதும் முதலில் வருபவை ஈசல்கள். அவை வந்த இரவில் வேறெதையும் பார்க்க விடா. அவற்றோடு நெல்வயலிலிருந்து தத்திகள் வரும், குளத்திலிருந்து நீர்வண்டுகள் வரும். நீர்வண்டு தரையில் விழுந்தால் சரியாக நடக்கத் தெரியாது, துடுப்புப் போன்ற பின்காலால் மணலை வலித்துக்கொண்டே கிடக்கும். பிறகு பிள்ளைப்பூச்சி, சாணிவண்டு, தண்டு துளைப்பானின் மஞ்சள் நிறப் பெண் விட்டில். அதன் முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரேயொரு கறுப்புப் பொட்டு இருக்கும், அதை வைத்தே பிள்ளைகள் அடையாளம் காண்பார்கள். நேரம் செல்லச் செல்லத்தான் பெரியவை வரும். தடித்த உடலும் ஒடுங்கிக் கூர்ந்த சிறகும் கொண்ட பருந்து அந்துகள் வரும்போது வேட்டியே அதிரும்.

கருவண்டு வந்தால் கண்ணால் பார்க்க முன் காதால் அறிந்துவிடலாம். தகரத்தில் கல் விழுந்தாற்போல் “டொக்” என்று மோதிவிட்டு மல்லாக்காக விழும். தென்னங்குருத்தைத் துளைத்து உள்ளே போய், பின்னர் விரியும் ஓலைகளைக் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியதுபோல் ஆக்கிவிடுகிற அதே வண்டு. அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு மறக்காது. மேலே மெருகிட்ட கருங்காலி போன்ற கறுப்பு, கீழே மார்பிலும் கால்களின் மடிப்பிலும் செம்பழுப்பு மயிர், ஆணென்றால் தலையில் பின்னோக்கி வளைந்த நீண்ட கொம்பு. விரலுக்கிடையில் பிடித்தால் கால்முட்களால் தோலைப் பற்றிக்கொண்டு வயிற்றையும் சிறகுறையையும் உரசி ஒருவிதமாகச் சீறும். உக்கிய தென்னங்குற்றியிலும் எருக்கும்பியிலும் அதன் புழு வளர்கிறது. போர் முடிந்து மீளக் குடியமர்ந்த முதல் வருடங்களில் எங்கள் பகுதியில் ஷெல்லில் தலையிழந்த தென்னைகள் நின்றபடியே உக்கிக்கொண்டிருந்தன. வெட்டி விழுத்தியவையும் எரிக்க ஆளில்லாமல் வளவுகளில் கிடந்தன. குற்றியைப் பிளந்தால் உள்ளங்கை நிறையக் கொழுத்த வெள்ளைப் புழுக்கள். அந்த வருடங்களில் என் வேட்டிக்கு வந்த கருவண்டுகளின் தொகையைப் பின்னர் ஒருபோதும் நான் காணவில்லை.

மின்சாரம் நின்ற இரவு

2022 சித்திரை என்றதும் நாட்டில் இருந்த எவருக்கும் இருட்டுத்தான் நினைவுக்கு வரும். நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் மின்வெட்டு. பிள்ளைகள் என் வளவுக்கு வந்ததற்கும் அதுவே காரணம், வீட்டில் படிக்க வெளிச்சம் இல்லை. அன்று எட்டு மணியளவில் குளத்துப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து வேட்டியின் ஒருபக்கக் கயிற்றை அறுத்துவிட்டது. வேட்டி நிலத்தில் விரிந்து படுத்தது, விளக்கும் அதன்மேல் விழுந்து வானத்தைப் பார்த்தபடி எரிந்தது. நான் எடுத்துக் கட்டக் குனிந்தேன். அதே மாணவி, “தூக்காதேங்கோ சேர், பாருங்கோ” என்றாள்.

பருந்து அந்து ஒன்று வேலிப்பக்கமிருந்து நெஞ்சளவு உயரத்தில் நேராக வந்தது. வேட்டியின் விளிம்பைக் கடந்ததும், ஒரு கண நேரத்துக்குள், தோணி கவிழ்வதுபோல் முதுகு கீழாகவும் வயிறு மேலாகவும் புரண்டு அப்படியே வேட்டியில் வந்து குத்தியது. எழும்பியது, பறக்க முயன்றது, மறுபடியும் புரண்டது. அடுத்தது வந்தது, அதுவும் அப்படியே. எதிலும் மோதாமல், யாரும் தொடாமல், வெறும் காற்றில் வைத்துக் கவிழ்த்ததுபோல் இருந்தது. ஒரு சின்ன வண்டு மல்லாக்காக விழுந்து கால்களை அடித்தபடி நெடுநேரம் கிடந்தது. நாங்கள் எல்லோரும் மௌனமாக நின்றோம். பிறகு வேட்டியைத் தூக்கி மறுபடி செங்குத்தாகக் கட்டினோம். புரளுவது பெரும்பாலும் நின்றது, வழக்கமான வட்டம் தொடங்கியது. விளக்கு ஒன்றே, பூச்சிகளும் அவையே. மாறியது வெளிச்சம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது மட்டுந்தான். நிலவென்று நினைத்து வந்த ஒன்று, நிலத்தில் வெளிச்சத்தைக் கண்டால் ஏன் தலைகீழாகப் புரள வேண்டும்?

விடை 2024 தை மாதத்தில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருந்தது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியையும் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றையும் சேர்ந்த ஆய்வாளர்கள், ஆய்வுகூடத்திலும் கொஸ்தாரிக்காவின் காட்டிலும், மிக வேகமாகப் படமெடுக்கும் கமராக்களால் விளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பதிவுசெய்திருந்தார்கள். அவர்கள் கண்டது எளிமையானது. பூச்சிகள் விளக்கை நோக்கிப் பறக்கவில்லை, தங்கள் முதுகை விளக்குக்குத் திருப்புகின்றன. இரவிலுங்கூட நிலத்தைவிட வானமே வெளிச்சமானது. கோடிக்கணக்கான வருடங்களாக வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தான் மேல். உடலின் எடையைக்கொண்டு மேல் கீழ் அறிய நம்மால் முடியும், ஆனால் ஓயாமல் திரும்பித் திரும்பி விரையும் சிறு பூச்சிக்கு அது கடினம். ஏ9 வீதியில் வளைவொன்றில் வேகமாகத் திரும்பும் பஸ்ஸுக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தால், எது சரிவு எது சமதளம் என்று உடல் தடுமாறுமல்லவா, அதுபோல. ஆகவே அவை முதுகை வெளிச்சத்துக்குக் காட்டிச் சமநிலை பிடிக்கின்றன. பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் முதுகை அதற்குத் திருப்புகின்றன, உடல் சரிகிறது, சரிந்த உடல் வளைந்து பறக்கிறது, வட்டம் உண்டாகிறது. விளக்கு மேலே பின்புறமாக இருந்தால் மூக்கு மேலெழுந்து, வேகமிழந்து நிற்கின்றன. விளக்கு கீழே இருந்தால் கவிழ்கின்றன. எங்கள் வளவில் வேட்டி விழுந்த அன்று நாங்கள் கண்டதும் இதுவேதான்.

அந்த ஆய்வில் எல்லாப் பூச்சிகளும் ஒரேமாதிரி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அலரிச்செடியில் புழுவாக வளர்கிற பச்சைநிறப் பருந்து அந்தும் பழ ஈயும் ஆய்வுகூடத்தில் விளக்குக்கு முதுகு காட்டவில்லை. அந்தப் பச்சை அந்து எங்கள் கோயில் வீதியிலும் உண்டு. பளிங்கில் பாசி படர்ந்தாற்போன்ற அதன் சிறகை நித்தியகல்யாணிப் பூவின் முன் அந்தரத்தில் நிற்கும்போது பலமுறை பார்த்திருக்கிறேன்.

கட்டுரையைப் படித்த பின், ஆய்வாளர்கள் செய்த இன்னொன்றையும் பிள்ளைகளோடு செய்து பார்த்தேன். நான்கு கம்பு நட்டு, வேட்டியைப் பந்தல்போல் தலைக்கு மேலே கட்டி, கீழிருந்து அதன்மேல் வெளிச்சம் படும்படி விளக்குகளை மறைத்து வைத்தோம். வானம் முழுவதும் மங்கலாக ஒளிர்ந்ததுபோல் இருந்தது. விட்டில்கள் ஒரு பக்கத்தால் நுழைந்து மறு பக்கத்தால் நேராக வெளியே போய்விட்டன. வட்டமும் இல்லை, கவிழ்தலும் இல்லை. வெளிச்சத்தின் மீது அவற்றுக்கு மோகம் இருந்திருந்தால் அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

ஜாம் போத்தல் விளக்கு

அந்தக் கட்டுரையைப் படித்தபோது அம்மாவின் விளக்கு நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் மருந்துபோல் அளந்து பாவிக்க வேண்டிய பொருளாக இருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் ஒரு திரியும் வைத்துச் செய்த விளக்கின் முன் இருந்துதான் எங்கள் வயதினர் படித்தோம். விமானச் சத்தம் கேட்டால் அதையும் ஊதிவிட வேண்டும். அந்த விளக்கிலும் விட்டில் விழுந்தது, ஆனால் இரவுக்கு ஒன்றோ இரண்டோதான். மண்ணெண்ணெய்ச் சுடரின் ஒளி பெரும்பாலும் மஞ்சளும் சிவப்புமே. விட்டிலின் கண் கூர்மையாகக் காணும் நீலமும் ஊதாவும் அதில் மிகக் குறைவு. இன்று அதே ஊரில் வீதி விளக்குகள் வெள்ளை எல்.ஈ.டி.யாக விடியும்வரை எரிகின்றன. இருட்டில் வாழ்ந்த எங்களுக்கு அந்த வெளிச்சம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் அறிவேன், பெண்பிள்ளைகள் ரியூசன் முடிந்து பயமின்றி வருவது அதனால்தான். விளக்கு வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். மேல்நோக்கிச் சிதறாமல் மூடியும், மஞ்சள் நிறமும் போதுமே என்றுதான் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையிலுள்ள விளக்கொன்றுக்கு மறைப்புப் போடக் கேட்டு உரிய இடத்துக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன், இன்னும் பதில் இல்லை. அந்தக் கம்பத்தின் கீழ் விடிய ஐந்தரை மணிக்குப் போய்ப் பார்த்தால் சிறகுகள் மட்டும் கிடக்கும். கரிக்குருவியும் செண்பகமும் உடலை எடுத்துக்கொண்டு போயிருக்கும்.

தொட்டிக்குள் மிதந்தவை

பக்கத்து வயற்காரர், நான் பெரியப்பா என்று அழைப்பவர், இந்தக் கதையையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப உன்ர விளக்கை எனக்குத் தா, நான் அறக்கொட்டியானைப் பிடிக்கிறன்” என்றார். அவர் கேட்டது நியாயமானது. கபிலத்தத்தி என்று விவசாயப் போதனாசிரியர்கள் சொல்லும் அந்தப் பூச்சி நெற்பயிரின் அடித்தண்டில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சினால், பச்சையாக நின்ற வயல் சில நாட்களிலேயே வட்டம் வட்டமாக எரிந்ததுபோல் காய்ந்துவிடும். ஒளிப்பொறி வைப்பது பூச்சியின் வரவை அறிவதற்கும் குறைப்பதற்கும் உரிய பழைய வழி. குமிழுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது சவர்க்காரம், அவ்வளவுதான். மருந்தடிப்பதைவிட அது நல்லது என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

காலையில் அந்தத் தொட்டியை இருவருமாக ஒரு வெள்ளைத் தட்டில் வடித்துக் கொட்டினோம். அறக்கொட்டியான் நிறைய இருந்தது, பெரியப்பாவுக்குச் சந்தோசம். நான் பூதக்கண்ணாடியோடு மற்றவற்றைப் பிரித்தேன். அறக்கொட்டியானின் முட்டையை உறிஞ்சித் தின்னும் சின்னப் பச்சை நாவாய்ப்பூச்சிகள் இருந்தன. நிலவண்டுகள் இருந்தன. அவற்றோடு எறும்புபோல் ஒடுங்கி, செம்மஞ்சளும் நீலக்கறுப்பும் மாறி மாறி அமைந்த ஒரு வண்டும் பல இருந்தன. இதை நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். ரியூப் லைற்றுக்குக் கீழே படுத்திருப்பவரின் கழுத்தில் ஊரும், கையால் தேய்த்து நசித்துவிட்டால் ஓரிரு நாளில் தோல் சிவந்து எரிந்து கொப்பளிக்கும், “பூச்சி மூத்திரம் பெஞ்சிட்டுது” என்போம். அது மூத்திரமன்று, நசிந்த உடலின் இரத்தத்திலுள்ள நஞ்சு. ஊதித் தட்டிவிட்டு, பட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். நசிக்கவே கூடாது. பெரியப்பா வியந்தது இன்னொன்றைக் கேட்டபோதுதான். அந்த வண்டு வயலுக்குள் நெற்தண்டில் ஏறி இறங்கி அறக்கொட்டியானைப் பிடித்துத் தின்கிறது. “அப்ப நான் என்ர ஆக்களையும் சேத்தல்லோ சாக்கொல்லியிருக்கிறன்” என்றார். தட்டை நெடுநேரம் பார்த்தபடி நின்றார்.

விளக்கு எவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை, நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே கவிழ்க்கிறது. அதனால் நாங்கள் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அறக்கொட்டியான் பெரும்பாலும் பொழுதுபடும் வேளையில்தான் பறக்கக் கிளம்புகிறது. ஆகவே விளக்கு மாலை ஆறரைக்கு எரியும், எட்டரைக்கு அணையும், அதுவும் பூச்சி கண்ட கிழமைகளில் மட்டும். அவர் இன்றுவரை அதைக் கடைப்பிடிக்கிறார். விளைச்சலில் அதனால் என்ன வித்தியாசம் என்று என்னால் அளந்து சொல்ல முடியாது. ஆனால் தொட்டியில் அந்தச் செம்மஞ்சள் வண்டு முன்போல் கிடப்பதில்லை என்பதை ஒவ்வொரு முறையும் வடித்துப் பார்த்து அவரே எனக்குச் சொல்கிறார்.

வேட்டி கட்டுவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று சில மாதங்கள் நினைத்ததுண்டு. ஆனால் நேரில் பார்த்த பிள்ளைதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். பாடநூற் படத்தைப் பார்த்து எவரும் அதை என்னிடம் கேட்டதில்லை. ஆகவே மாதம் ஒருமுறைக்கு மேல் கட்டுவதில்லை, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எரிப்பதில்லை, நிலத்தை நோக்கியன்றி விளக்கை வைப்பதில்லை. “பூச்சிகளைக் கவரும் விளக்கு” என்று முன்பு சொல்லித்தந்ததை இப்போது “பூச்சிகளை வழிமறிக்கும் விளக்கு” என்று சொல்லிக்கொடுக்கிறேன். முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு உடனே எழும்பிப் போவதும் இல்லை. வெளிச்சத்தில் நின்ற விட்டிலின் கண் மறுபடி இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும். அதுவரை வேட்டியை உதறக் கூடாது, ரோச் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். எல்லோரும் இருட்டில் குந்தியிருப்போம். எங்கள் கண்களுக்கும் அவ்வளவு நேரந்தான் வேண்டியிருக்கிறது, முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு பாலைமரத்தின் விளிம்பும், அதற்கு மேல் வெள்ளிகளும் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். அப்போதுதான் வேட்டியிலிருந்து அந்தச் சத்தம் வரும். பருந்து அந்து பறக்குமுன் நெஞ்சைச் சூடாக்கிக்கொள்ளச் சிறகைக் கிடந்தபடியே நடுக்கும். தூரத்தில் எங்கோ மோட்டார் ஓடுவதுபோன்ற மெல்லிய இரைச்சல், கூடிக்கூடி வந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று வேட்டியை விட்டு விலகும். போன ஐப்பசியில் கடைசியாக இருந்த ஒன்றுக்காக இருபது நிமிடங்கள் காத்திருந்தோம். சின்னவன் ஒருவன் என் கையைப் பிடித்து, “போட்டுது சேர்” என்று காதுக்குள் சொன்னான்.